டெக்சாஸ் புள்ளிமானுக்கு ரிவால்வர்: .357-ஆ .44-ஆ, எந்தக் குண்டு?

உப்பளம்_தெற்கு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் புதுச்சேரியிலிருந்து டெக்சாஸ் போகிறேன். பெரியப்பா மகன் அங்கே கெர்வில் பக்கம் ஒரு ராஞ்சில் (பெரிய பண்ணை) புள்ளிமான் வேட்டைக்கு இடம் பேசி வைத்திருக்கிறார். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டப்படி புள்ளிமானைத் தொடக்கூட முடியாது, அங்கே அது வெளியிலிருந்து கொண்டுபோய் விட்ட இனம் என்பதால் வருஷம் முழுக்க அனுமதி என்பது தெரியும். சரியா தப்பா என்ற பஞ்சாயத்து இந்த இழையில் வேண்டாம்.

அண்ணனுக்கு ரைஃபிளைவிட ரிவால்வரில்தான் ஆசை. வீட்டில் இரண்டு இருக்கின்றன: 6 அங்குலக் குழல் .357 மேக்னம், 7.5 அங்குலக் குழல் .44 மேக்னம் (ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்). தோட்டா என்று பார்த்தால் .357-க்கு 125 கிரெயின் ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள குண்டு) இரண்டு பெட்டி. .44-க்கு அவர் நண்பர் கையால் அடைத்துக் கொடுத்தது ஒரு பை. எனக்கு என்சிசி .22-ம் ஏர் பிஸ்டலும்தான் பழக்கம்.

எந்தத் துப்பாக்கி? எந்தக் குண்டு? எவ்வளவு தூரம் வரை? அந்த நண்பர் அடைத்த தோட்டாவை நம்பலாமா?

---

கெடிலக்கரை

.44-ஐ எடுங்கள் தம்பி. .357-ஆல் மான் சாகாது என்பதல்ல. தப்புக்கு அது இடம் கொடுக்காது, முதல் தடவை போகிறவருக்கு அந்த இடம் வேண்டும்.

முதலில் எடைக் கணக்கு, ஏனென்றால் கிரெயின் என்றால் நம்மவர்கள் பலருக்குப் பிடிபடாது. 1 கிரெயின் 0.0648 கிராம். 125 கிரெயின் குண்டு ஏறத்தாழ ஒரு பவுன். 180 கிரெயின் கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுன். .44-இல் வழக்கமாகப் போடும் 240 கிரெயின் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இது பறந்து போகும் குண்டின் எடை, மருந்தும் பித்தளையும் சேர்ந்த முழுத் தோட்டாவின் எடை அல்ல. வெடிமருந்தின் எடையையும் கிரெயினில்தான் சொல்வார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெட்டியில் வேகம் வினாடிக்கு இத்தனை அடி என்று போட்டிருக்கும். ஆற்றல் வேண்டுமானால் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 240 கிரெயின், 1,350 அடி என்றால் 971 அடி-பவுண்ட். .357-இல் 158 கிரெயின், 1,250 அடி என்றால் 548. ஏறக்குறைய பாதி. ஆனால் இந்த எண்ணை வைத்து மட்டும் முடிவு எடுக்கக் கூடாது. உங்களிடம் இருக்கும் 125 கிரெயின் குண்டு 1,400 அடிக்கு மேல் பாயும், காகிதத்தில் ஆற்றல் 158-ஐவிடக் கூடத் தெரியும். மானுக்கு அதுதான் மோசமான தேர்வு.

ஏன் என்றால், அது தற்காப்புக்குச் செய்த குண்டு. மனித உடம்பில் ஓர் அடி போய் நின்றால் போதும், பின்னால் நிற்பவன்மேல் பாயக் கூடாது என்று கணக்குப் போட்டுச் செய்தது. வாய் அகலம், உறை மெல்லிசு. தோலைத் தொட்டதும் விரியும், தோள் எலும்பில் பட்டால் சிதறும், நுரையீரல் போய்ச் சேராது. மேல்சதையில் பெரிய புண்ணோடு மான் ஓடிப் புதருக்குள் படுக்கும், இரண்டு நாள் கழித்துச் சாகும். ரைஃபிள் குண்டுக்கு வேகத்தாலேயே சுற்றிலும் சதையைக் கிழிக்கும் சக்தி உண்டு. கைத்துப்பாக்கி வேகத்தில் அது கிடையாது. குண்டு எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் விழும் ஓட்டைதான் மானைக் கொல்கிறது. அதனால் ஓட்டை ஆழமாகவும், முடிந்தால் மறுபக்கம் வெளியே வருவதாகவும் இருக்க வேண்டும். மான் நேர்ப் பக்கவாட்டில் நின்றால் ஓர் அடி ஊடுருவல் போதும். பின்பக்கம் உங்களை நோக்கிச் சாய்ந்து நின்றால் ஒன்றரை அடி வேண்டும்.

.44-க்கு நான் சொல்வது 240 கிரெயின் ஜாக்கெட் (செம்பு உறை) போட்ட ஹாலோ பாயிண்ட். அதிலும் மெதுவாக விரியும் வகை, ஹார்னடி எக்ஸ்டிபி போல. இல்லையென்றால் அதே எடையில் சாஃப்ட் பாயிண்ட் (முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு). 180, 200 கிரெயின் பெட்டிகளில் வேகம் அழகாகத் தெரியும், இந்த வேலைக்கு வேண்டாம். 300 கிரெயினும் வேண்டாம், இந்த உடம்புக்கு அது அதிகம், உங்கள் மணிக்கட்டுக்கும் அதிகம். ஈயம் வேண்டாம் என்றால் பார்ன்ஸின் 225 கிரெயின் செம்புக் குண்டு இருக்கிறது. செம்பு உடையாது, எடை கொஞ்சம் குறைந்தாலும் ஆழம் குறையாது.

.357-தான் வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தால் குறைந்தது 158, நல்லது 180 கிரெயின். தூரம் 40 கஜத்தோடு நிறுத்துங்கள்.

குண்டு எப்படி நடந்துகொள்கிறது என்று கண்ணால் பார்க்க எளிய வழி: ஒரு காலன் தண்ணீர் கேன்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வரிசையாக ஆறு வையுங்கள், பின்னால் மண்மேடு இருக்கட்டும். 10 கஜத்திலிருந்து சுட்டு, குண்டு எந்தக் கேனில் நிற்கிறது என்று பாருங்கள். எடுத்துக் கையில் வைத்தால் தெரியும்: நல்ல வேட்டைக் குண்டு காளான் மாதிரி முன்பக்கம் விரிந்து, இதழ்கள் பின்னால் மடங்கி, அடிப்பாகம் முழுசாக இருக்கும். 125 கிரெயினைச் சுட்டால் தட்டையாக நசுங்கிய வட்டமும், முதல் இரண்டு கேனில் உறைத் துணுக்குகளும் கிடைக்கும். தண்ணீர் சதை ஆகாதுதான். ஆனால் இரண்டு குண்டை ஒப்பிட இது போதும்.

தூரத்தைத் தோட்டா தீர்மானிக்காது, நீங்கள்தான். 6 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை வையுங்கள். 25 கஜத்தில் (கிரிக்கெட் பிட்ச்சைவிட 3 கஜம் கூட) வேட்டையில் எப்படி இருப்பீர்களோ அப்படியே, முட்டி போட்டோ, குச்சி ஊன்றியோ, ஐந்து சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழ வேண்டும். நாலு போதாது. விழுந்தால் 10 கஜம் பின்னால் போங்கள். எந்தத் தூரத்தில் ஒன்று வெளியே போகிறதோ, அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. பெஞ்சில் மணல் மூட்டை வைத்துச் சுட்ட கணக்கு இதற்குச் செல்லாது.

---

பெண்ணையாற்றான்

கெடிலக்கரை சார் சொன்னதில் ஓர் இடத்தில் மாற்றுக் கருத்து. .44-க்கு விரியும் குண்டே தேவையில்லை. குண்டு விரியாமலே .43 அங்குலம் இருக்கிறது. கடின ஈய வார்ப்பு, முகம் அகலமாகத் தட்டையாக இருக்கும் 240 அல்லது 250 கிரெயின், 1,200 அடி வேகம். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு ஓட்டை நிச்சயம். ரத்தத் தடம் தரையில் தெளிவாக விழும். எலும்பு குறுக்கே வந்தாலும் வழி மாறாது. விரியும் குண்டு சரியான வேகத்தில்தான் விரியும். 4 அங்குலக் குழலில் சுட்டாலோ 80 கஜத்தில் வேகம் குறைந்தாலோ விரியாமலும் போகலாம். ஹாலோ பாயிண்ட் வாயில் முடியும் தோலும் அடைத்துக்கொள்வதும் உண்டு.

தட்டை முகம் முக்கியம். உருண்டை மூக்கு ஈயக் குண்டு சதையை ஒதுக்கிக்கொண்டு நழுவிப் போய்விடும், ஓட்டை மூடிக்கொள்ளும்.

இன்னொன்று: கனமான மெதுவான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு போகும் என்று ராஞ்சில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். சுண்டுவிரல் தடிமன் குச்சி எந்தக் குண்டையும் திருப்பும். கெர்வில் பக்கம் சீடர் என்று சொல்லும் ஜூனிபர் புதர்கள் நம் பண்ருட்டி முந்திரித் தோப்பு மாதிரி, தரையோடு தரையாகக் கிளை படர்ந்திருக்கும். மான் தெரிகிறது என்பது வேறு, குண்டுக்கு வழி இருக்கிறது என்பது வேறு.

---

கெடிலக்கரை

தட்டை முகக் கடின வார்ப்பு நல்ல குண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது விரியாது, அதனால் இடம் நாலு அங்குலம் தள்ளிப் போனால் மன்னிக்காது. நன்றாகச் சுடுகிறவர் கையில் அது சரி. இவர் முதல் முறை. 7.5 அங்குலக் குழல், 50 கஜத்துக்குள் என்றால் எக்ஸ்டிபி விரிவதற்கான வேகம் தாராளமாக இருக்கிறது. மேலே சொன்ன 1,350 அடித் தோட்டா 50 கஜத்தில் 1,190 அடி சுமாரில் இருக்கும், 750 அடி-பவுண்ட்.

---

உப்பளம்_தெற்கு

நன்றி. இருவர் சொன்னதிலும் 240 பொதுவாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து சுட்டு முடிக்கும் முன்பே கை நடுங்க ஆரம்பிக்கும் என்று அண்ணன் பயமுறுத்துகிறார். பழகுவது எப்படி? குறி எத்தனை கஜத்தில் வைப்பது? அந்தக் கைத்தயாரிப்புத் தோட்டா பற்றி யாரும் சொல்லவில்லையே.

---

முதுநகர்_இரும்பு

கைத்தயாரிப்பு: யார் அடைத்தார், எந்த மருந்து, எத்தனை கிரெயின், எந்தக் கையேடு என்று பை மேல் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் சுடாதீர்கள். குண்டைக் கழற்றிப் பித்தளையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதியிருந்தாலும், அடைத்தவர் பக்கத்தில் இருந்தால்தான்.

காரணம் சொல்கிறேன். .44 மேக்னத்துக்கு ஹெச்110 மாதிரி மெதுவாக எரியும் மருந்துதான் விரும்பிப் போடுவார்கள். அதைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது. உதை குறையட்டும் என்று கொஞ்சம் எடுத்துவிட்டால் மருந்து சரியாகப் பற்றாமல் குண்டு குழலுக்குள் பாதியில் நிற்கலாம். "டப்" என்று பலவீனமாகச் சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. துப்பாக்கியைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி அரை நிமிஷம் பொறுத்து, காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். குண்டு மாட்டியிருக்கும்போது இன்னொன்று சுட்டால் குழல் வீங்கும், சிலிண்டரும் போகலாம். மருந்து அளவு எண்ணை இங்கே போட மாட்டேன். அது குண்டு, கேப் (மருந்தைப் பற்றவைப்பது), பித்தளை மூன்றையும் பொறுத்தது, தயாரிப்பாளர் கையேட்டில் பார்ப்பதுதான் முறை.

இரண்டாவது தகராறு கிரிம்ப். பித்தளையின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்காவிட்டால், ஒவ்வொரு உதைக்கும் மீதித் தோட்டாக்களில் குண்டு மயிரிழை மயிரிழையாக முன்னால் நகரும். கடைசியில் சிலிண்டருக்கு வெளியே மூக்கு நீட்டிச் சுழலவிடாமல் பூட்டிவிடும். சோதனை சுலபம்: ஆறு போடுங்கள், ஐந்து சுடுங்கள், ஆறாவதை எடுத்து வெர்னியரில் நீளம் அளந்து, சுடாத புதுத் தோட்டாவோடு ஒப்பிடுங்கள். நீளம் கூடியிருந்தால் அந்தப் பையே வேண்டாம். கம்பெனித் தோட்டாவிலும் புதுப் பெட்டி வாங்கினால் ஒரு தடவை செய்து பார்ப்பது நல்லது.

.45 கோல்ட் யாராவது கொடுத்தால் கூடுதல் கவனம். அந்தப் பெயர் 1873-இலிருந்து வருகிறது. இன்று புது ரூகர்களுக்கு மட்டும் என்று அடைக்கும் பலமான தோட்டாவும் அதே அளவுதான், பழைய துப்பாக்கியிலும் ஒழுங்காக உட்காரும். உட்கார்ந்ததை நம்பிச் சுட்டால் சிலிண்டர் வெடிக்கும்.

ரூகர் எந்த வருஷத்தது என்றும் கேளுங்கள். 1973-க்குப் பிந்தைய நியூ மாடல் என்றால் டிரான்ஸ்ஃபர் பார் (டிரிகரை இழுத்தால் ஒழியச் சுத்தியலின் அடி தோட்டாவுக்குப் போகாமல் தடுக்கும் பாகம்) இருக்கும், ஆறும் போட்டு எடுத்துப் போகலாம். துப்பாக்கியின் ஃபிரேமில் மூன்று திருகு தெரிகிற பழையது, மாற்றம் செய்யாதது என்றால் ஐந்துதான். சுத்தியல் காலி அறைமேல் இருக்க வேண்டும். கீழே விழுந்தால் சுடும்.

---

கெடிலக்கரை

பழகுவது: .44 துப்பாக்கியில் .44 ஸ்பெஷல் தோட்டா போகும். உதை பாதி. முதல் 100 அதில் சுடுங்கள். ஆனால் அதன் பித்தளை குட்டை, அறைக்குள் அது முடியும் இடத்தில் கரி வளையம் கட்டும். துடைக்காமல் மேக்னம் போட்டால் உள்ளே இறுகும், சுட்டபின் பித்தளை வெளியே வராது. பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மேக்னத்துக்கு மாறுங்கள். ஒரு நாளைக்கு மேக்னம் 20-க்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் சுட்டால் பழகுவது குறி அல்ல, பயம்.

பயம் ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க, அண்ணன் சிலிண்டரில் உங்களுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று டம்மித் தோட்டா கலந்து கொடுக்கட்டும். டம்மி வரும்போது குழல் கீழே முக்கினால் கதை தெரிந்துவிடும். காதுக்கு உள்ளே நுரை அடைப்பான், மேலே மூடி, இரண்டும் போடுங்கள். மேக்னம் ரிவால்வர் சத்தம் ஒரு தடவையிலேயே காதைக் கெடுக்கக் கூடியது.

பிடி: சூப்பர் பிளாக்ஹாக் உதைக்கும்போது கைக்குள் மேல்நோக்கி உருளும், உருளவிடுங்கள். இறுக்கி அமுக்கினால் டிரிகர் கார்டின் பின்பக்கம் நடுவிரல் முட்டியைப் பெயர்க்கும். சுண்டுவிரலைப் பிடிக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டால் கொஞ்சம் குறையும். இடது கை விரல் எதுவும் சிலிண்டருக்கு முன்னால் போகக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் வரும் நெருப்பு விரலை அறுக்கும். தாங்கு வைத்துச் சுடும்போது குழலை மரத்தின் மேலோ கம்பி மேலோ சாய்க்காதீர்கள், குறி மேலே போகும். மணிக்கட்டைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

குறி: நீங்கள் பார்க்கும் புள்ளியும் குண்டு படும் இடமும் 50 கஜத்தில் ஒன்றாக இருக்கும்படி வையுங்கள். அந்த 240 கிரெயின் தோட்டாவுக்கு 100 கஜத்தில் ஏறக்குறைய 6 அங்குலம் கீழே விழும். அந்தத் தூரம் உங்களுக்கு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. எதை வைத்து வேட்டையாடப் போகிறீர்களோ அதே பெட்டித் தோட்டாவில்தான் குறி வைக்க வேண்டும். கைத்துப்பாக்கியில் கனமான மெதுவான குண்டு பெரும்பாலும் மேலே அடிக்கும். குழலை விட்டு வெளியேற அது கூடுதல் நேரம் எடுக்கிறது, அதற்குள் உதையில் குழல் உயர்ந்துவிடுகிறது. ஸ்பெஷலில் குறி வைத்துவிட்டு மேக்னத்தோடு போகிறவர் இங்கேதான் ஏமாறுவார்.

முன் குறியின் கறுப்பு முனை அந்தி நேரத்தில் மானின் தோலில் கரைந்துவிடும். ஆரஞ்சு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தால் போதும். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) போட்டிருந்தால் இன்னும் நல்லது, 4 எம்ஓஏ (1 எம்ஓஏ என்பது 100 கஜத்தில் சுமார் 1 அங்குலம்) புள்ளி 50 கஜத்தில் 2 அங்குலத்தைத்தான் மறைக்கும்.

---

நெல்லித்தோப்பு_8

தோட்டாவுக்கு முன்னால் காகிதம். சுற்றுலா விசாவில் போகிறவர் அமெரிக்காவில் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். அங்கே ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால்தான் விலக்கு. ரேஞ்சில் பழகுவதற்கும் இதே கதைதான். எனவே போய் இறங்கியதும் முதல் வேலை லைசென்ஸ். (நம் ஊரில் பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமல் ஈஸ்டா என்ற ஆன்லைன் அனுமதியில் போவார்கள், அவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆனால் வேட்டைக்கு லைசென்ஸ் அவர்களுக்கும் வேண்டும்.)

டெக்சாஸில் வெளியூர்க்காரருக்கு முழு லைசென்ஸ் 315 டாலர். புள்ளிமான் அங்கே அயல் இனம் என்பதால் 5 நாள் சிறப்பு லைசென்ஸ் 48 டாலரே போதும். அதை வைத்துக்கொண்டு அங்கத்திய வெள்ளைவால் மானைச் சுடக் கூடாது, அதற்கு 315-தான், துப்பாக்கிக்கான பொதுச் சீசனும் நவம்பரில்தான் தொடங்கும். புள்ளிமான் 1932-இல் டெக்சாஸுக்குப் போனது, அதற்கு சீசனும் இல்லை, டேகும் (சுட்ட மானில் கட்டும் சீட்டு) இல்லை. நாள் கணக்கை ஜாக்கிரதையாகப் போடுங்கள். 5 நாள் முடிந்தால் துப்பாக்கியைத் தொடும் விலக்கும் முடிந்தது.

1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் என்றால் ஹன்டர் எஜுகேஷன் சான்றிதழ் வேண்டும். 17 வயது நிரம்பியவர்களுக்கு ஆன்லைனிலேயே உண்டு.

வேறு மாநிலம் போனால் விதி வேறு. ஒஹாயோவில் மானுக்குக் கைத்துப்பாக்கி என்றால் குழல் 5 அங்குலமாவது இருக்க வேண்டும், நேர்ச்சுவர்ப் பித்தளை, .357 அல்லது அதற்கு மேல். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கிடையாது.

---

பெண்ணையாற்றான்

சுடும் இடம் பற்றி யாரும் எழுதவில்லை. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பிலிருந்து நேராக மேலே வாருங்கள், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கே இதயத்தின் மேல்பாகமும் இரண்டு நுரையீரலும் இருக்கின்றன. சாய்ந்து நின்றால், மறுபக்கத்து முன்னங்காலை நினைத்துக் குறி வையுங்கள். முகத்தை உங்கள் பக்கம் காட்டி நின்றால் ரிவால்வரில் சுட வேண்டாம். தலையும் வேண்டாம். புள்ளிமான் கூட்டமாகத் திரியும், பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று பார்க்காமல் விரல் போடாதீர்கள். 240 கிரெயின் வெளியே வந்து அதையும் தொடும்.

சுட்டதும் ஓடும். நின்ற இடத்தில் உட்கார்ந்து மான் கடைசியாகத் தெரிந்த புதரை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் கழித்துப் போய் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரையோடு இருந்தால் நுரையீரல், நூறு கஜத்துக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பச்சையாக நாற்றத்தோடு இருந்தால் குடல். குளிர்காலமாக இருந்தால் எட்டு மணி நேரம் விடச் சொல்வேன். ஜூனில் அவ்வளவு நேரம் விட்டால் கறி போய்விடும், ராஞ்சில் ரத்த மோப்ப நாய் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கிடைத்ததும் உடனே வயிற்றைத் திறந்து குடலை எடுத்து, தோலை உரித்து, ஐஸில் போட வேண்டும். சித்திரையில் நம் கடலூர் வெயிலில் மீனை விட்டுவைப்போமா, அதே கணக்கு. ஐஸ் பெட்டியின் அடி மூடியைத் திறந்து வையுங்கள், உருகும் தண்ணீரில் கறி ஊறக் கூடாது. குண்டு போன வழியைச் சுற்றி ரத்தம் கட்டிக் கறுத்த சதையை ஒரு சாண் அகலத்துக்கு அறுத்து எறியுங்கள், ஈயத் துணுக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

---

முதுநகர்_இரும்பு

கடைசியாக ஒன்று. திரும்பி வரும் முன் பேன்ட் பாக்கெட், பையின் பக்கவாட்டு ஜிப், ஷூவின் உள்பக்கம், தொப்பி மடிப்பு எல்லாவற்றையும் தரையில் கவிழ்த்துத் தட்டுங்கள். ஒரே ஒரு தோட்டா மாட்டிக்கொண்டு சென்னையில் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. மறந்துவிட்டேன் என்று நீதிமன்றத்தில்தான் சொல்ல முடியும். சுட்ட காலிப் பித்தளையையும் ஞாபகார்த்தமாகக் கொண்டு வராதீர்கள். ரேஞ்சுக்கும் ராஞ்சுக்கும் தனியாக ஒரு பை வைத்துக்கொண்டு, அதை அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் இந்தத் தலைவலியே இல்லை.